‘போய்ட்டு வரேன்’ என்று ஒரு பட்டன்

ரேஷன் அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த ஒரு தாள் வைத்திருக்கிறேன். மடிப்புகளில் மை உதிர்ந்துவிட்டது. மேல் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் ‘போய்ட்டு வரேன்’ என்றிருப்பது மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கணினியில் வெளியேறுவதற்கான பட்டன் அது. அண்ணன் வைத்த பெயர்.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், நான் அண்ணன் என்று கூப்பிட்டவரும் அவர் மனைவி அக்காவும் பிரவுசிங் சென்டர் நடத்தினார்கள். தொழிற்பேட்டை ஆட்கள் எழுதிப் பேசிக்கொள்ள அண்ணன் இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினார். அதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது; முழுக்க இங்கிலீஷ். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைப் போன்றவர்களுக்காக அதன் கோப்புகளைத் திறந்து ஒவ்வொரு பட்டனாகத் தமிழில் மாற்றினார். நுழைவதற்கு ‘உள்ள வா’. எழுதுவதற்கு ‘சொல்லு’. ஆள் முன்னால் வாய் திறக்காத நான் அந்தச் ‘சொல்லு’வை அழுத்தித்தான் பேசப் பழகினேன். பிரஸ் மெஷினில் என் விரல் ஒன்று போன கதையை எழுதி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதன் கீழே அண்ணன் இரண்டு வரி பதில் போட்டார்: “நானு பத்து விரல வச்சிக்கினே தப்புத்தப்பா அடிக்கிறேன். ஒம்போதுல நீ இவ்ளோ அடிச்சிக்கீறியே, கில்லாடி தம்பி நீ!” அக்கா சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். அந்தத் தாள்தான் இது.

அடுத்த கோடையில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா சென்டரை மூடவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மன்றத்தைத் திறந்து, அண்ணன் யாருக்காவது எழுதிய பழைய பதில் ஒன்றைப் படிப்பார். “நாஷ்டாவுக்கு முன்னாடி அவராண்ட ரெண்டு வார்த்த பேசிட்டாத்தான் எனுக்கு வேல ஓடுது” என்பார்.

அப்போதுதான் மென்பொருள்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. கணினி வகுப்பு நடத்தும் வாத்தியார் ஒருவர் படித்துச் சொன்னார். மென்பொருளில் ஓட்டை இருக்கிறதாம். அதன் வழியாகப் புழு என்று ஒரு நிரல், யாரும் ஏவாமலே மன்றம் மன்றமாக நுழைந்து அழித்துக்கொண்டு வருகிறதாம். புதிய பதிப்பைப் போட்டால் ஓட்டை அடைபடும். ஆனால் அண்ணன் தமிழில் எழுதிய பட்டன்கள் எல்லாம் பழையபடி இங்கிலீஷ் ஆகிவிடும்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “புச்சு போட்டா அவரு எழுதனது பூடும். போடலன்னா பூச்சி வருமாம். நீ இன்னா சொல்ற தம்பி?”

என்னிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. இங்கிலீஷ் பட்டன்கள் முன்னால் நான் மறுபடி ஊமையாகிவிடுவேனே என்றுதான் தோன்றியது. “இப்படியே இருக்கட்டும்க்கா” என்றேன். “நானும் அதான் நென்ச்சேன்” என்றார்.

மூன்றாவது வாரம் போனபோது திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி. புழு எல்லாக் கோப்புகளின் மேலும் அதையே எழுதிவிட்டுப் போயிருந்தது. எங்கள் பேச்சும் அந்தக் கோப்புகளில்தான் இருந்தது. நகல் எடுத்து வைக்க எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இதுலயாவது இருக்கும்” என்பார். அதே கறுப்பு. “இதுல இருக்கும் பாரு.” என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன்; கிளம்பி வந்துவிட்டேன்.

பொன்னேரியில் வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தத் தாள் நினைவுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சென்டர் வாசல் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவுக்குள் அக்காவின் முகத்தைப் பார்த்ததும், ‘இப்படியே இருக்கட்டும்’ என்ற என் குரல்தான் எனக்குக் கேட்டது. திரும்பிவிட்டேன். அப்படி மூன்று முறை. பிறகு தேர்வாய் கண்டிகையில் வேலை கிடைத்தது. அந்தத் தெருப் பக்கம் போகாமலிருக்க அதுவே சாக்காயிற்று. வருடங்கள் ஓடிவிட்டன.

போன மாதம் எப்படியோ துணிந்து போனேன். சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. பக்கத்து டீக்கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

“அந்தக்கா தவறிப் போயி ரெண்டு வருசம் ஆவுது நைனா. எங்க கீற நீ? ‘ஒம்போது விரலு தம்பி வந்துச்சா’ன்னு உன்ன கேட்டுக்கினே இருந்துச்சு.”

ரயிலில் தாளைப் பிரித்தேன். ‘போய்ட்டு வரேன்’ என்ற கட்டத்துக்குக் கீழே என் கதை, அதற்குக் கீழே அண்ணனின் பதில். இரண்டே வரி. நாஷ்டாவுக்கு முன்னால் படிக்க அக்காவுக்கு அது போதுமாக இருந்திருக்கும்.