ஒரு வாய்தானே

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்களுக்கு மனிதர்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துவிடும். ஓவர்லோடு மணி அடித்தால் உள்ளே நிற்கிற எல்லோரும் கடைசியாக ஏறியவரைத்தான் முறைப்பார்கள். அவரோ, "நான் ஒல்லிதானே" என்பார். நம் லிஃப்ட்காரர் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். அவருடைய வீட்டில் இதற்கு வேறொரு வடிவம் இருந்தது: "ஒரு வாய்தானே."

அதைச் சொல்கிறவர் அவர் மனைவி. சலவைக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் காலையிலிருந்து இருட்டும்வரை நின்றே வேலை பார்க்கிற அம்மாள். வருகிற துணியை விரித்து, கறையை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தேய்த்து, மோந்து பார்த்து, இது மை, இது காப்பி, இது உதட்டுச் சாயம் என்று பிரித்து அடையாளத் துண்டு கட்டுவது அவர் வேலை. நின்று பழகிய உடம்பு, வீட்டிலும் உட்காராது. அடுப்பு, குழாய், கொடி என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கணவர் ஏதாவது பேச வாயெடுத்தால் முதல் பாதியைச் சமையலறையிலும் மறுபாதியைப் பின்கட்டிலும் வைத்துக் கேட்பார்.

ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை மட்டும் உட்காருவார். செருப்புக் கடைக்கு மேலே நான்காவது மாடியில் இருந்த உணவகத்தில், கணவருக்கு நேர் எதிரே, சாப்பாடு முடிகிறவரை. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கிறவரும் நம்மவர்தான். மேலே போகிறபோது காதைச் சுவரோரம் சாய்த்துக்கொண்டே போவார். கதவு சாத்துகிற சத்தம் சரியாக இருந்தால்தான் அவருக்குப் பசியே எடுக்கும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உயரமாய், சற்றுக் கூனலாய் இருக்கிற வெயிட்டர் வந்து நிற்பார். அம்மாள், "எனக்கு ஒண்ணும் வேணாம், ஒரு சூப் போதும்" என்பார். லிஃப்ட்காரர் பொரித்த கோழி, பொரித்த உருளைக்கிழங்கு, இனிப்பான சிவப்பு ஒயின் ஒரு கிளாஸ் என்று சொல்வார். தட்டு வந்து மேசையைத் தொடுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முள்கரண்டி கிளம்பிவிடும். முதலில் போவது கோழியின் மொறுமொறு தோல். பிறகு உருளைக்கிழங்கில் நன்றாகச் சிவந்தவை. ஒயின் பழக்கமில்லை என்பதால் அம்மாள் கிளாஸை வாங்கி வாசனை மட்டும் பார்ப்பார். பார்க்கப் பார்க்க மட்டம் இறங்கும். இன்னொரு கிளாஸ் வரும். அதற்கும் வாசனை உண்டு.

இதில் லிஃப்ட்காரருக்குக் குறையே இல்லை. தட்டை நடுவில் தள்ளிவைப்பது கைப்பழக்கமாகிவிட்டது. ஒரே ஒருமுறை, விளையாட்டாக, கரண்டி வந்தபோது ஓவர்லோடு மணி மாதிரி "கீய்ங்" என்று சத்தம் கொடுத்துப் பார்த்தார். அம்மாள் அசரவில்லை.

"மணி அடிச்சா கடைசியா ஏறினவங்கதானே இறங்கணும்? நான் முதல்லயே ஏறினவ."

லிஃப்ட்காரர் தட்டை இன்னும் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் லிஃப்ட்காரருடைய கம்பெனியில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். வீட்டு ஆட்களும் வரலாம் என்றதால் அம்மாளும் கூடப் போனார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மறுவாரம் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கினார். லிஃப்ட்காரரின் தொப்பையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். சுகர் ஏறிக் கிடக்கிறது, கொழுப்பு அதற்கு மேலே நிற்கிறது, பொரித்ததைக் கண்ணால் பார்க்கக்கூடாது, ஒயின் வேண்டுமென்றால் எப்போதாவது சின்ன கிளாஸ் ஒன்று, அதுவும் இனிப்பில்லாததாக, சாப்பாட்டோடு. லிஃப்ட்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பக்கத்தில் அம்மாள், "நான் சொன்னா எங்க கேக்குறாரு" என்று பெருமூச்சு விட்டார். கடைசியில் டாக்டர் பெயரைப் பார்த்தார். கையில் இருந்தது அம்மாளுடைய ரிப்போர்ட். தொப்பைக்காரருக்கு ஒரு குறையும் இல்லை.

"நான் ஒல்லிதானே டாக்டர்" என்றார் அம்மாள்.

லிஃப்ட்காரர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் தாங்கவில்லை. இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்த மகள் செய்தி கேட்டு வந்தாள். கண்டிப்பில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியைகளைத் தோற்கடிப்பவள். உணவகத்தில் அம்மாவுக்கு இனிப் பச்சைக் காய்கறி மட்டும்தான், ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பது, அதில் இறங்காவிட்டால் வெளிச் சாப்பாட்டுக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று தீர்ப்புச் சொன்னாள். அம்மாள் சண்டை போடுவார் என்று லிஃப்ட்காரர் எதிர்பார்த்தார். அம்மாளோ துணி மடித்துக்கொண்டே, "சரி, விட்டுட்டாப் போச்சு" என்றார். அந்தச் "சரி"தான் லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. போவது கோழியும் உருளைக்கிழங்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். போவது எதிர் நாற்காலி என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

முதல் மாதம் மகள் சொன்னபடியே நடந்தது. அம்மாளுக்கென்று தனியாக ஒரு தட்டு பச்சைக் காய்கறி வந்தது. போகவே போகாத கறையைப் பார்ப்பதுபோல அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார் அம்மாள். இரண்டு இலையைப் புரட்டினார். பிறகு கரண்டி தானாகவே கணவரின் தட்டுக்குக் கிளம்பியது. "ஒரு வாய்தானே." லிஃப்ட்காரர் வேண்டுமென்றே அன்று அவித்த பீன்ஸ் சொல்லியிருந்தார், தானும் பத்தியம் இருந்து துணை நிற்போம் என்று. அந்தப் பீன்ஸ் முழுவதும் போய்விட்டது. பச்சைக் காய்கறி அப்படியே கிடந்தது.

வீட்டுக்கு நடந்து வருகிறபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. பழுது கோழியில் இல்லை. எந்தத் தட்டில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

வாரநடுவில் லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போனவர், வெயிட்டரை மோட்டார் ரூமுக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். எண்ணெயில் போடாத பண்டமாக இருக்க வேண்டும், ஆனால் பார்த்தால் திருடத் தோன்ற வேண்டும் என்றார். வெயிட்டர் தாடையைச் சொறிந்து யோசித்தார். எலுமிச்சை வைத்து ஆவியில் வேகவைத்த முழு மீன் ஒன்று, மேலே சுட்ட காளான், உருளைக்கிழங்கு இருக்கிற இடத்தில் காய், சாஸ் தனிக் கிண்ணத்தில். ஒயினுக்கு, துவர்ப்பாய் ஒன்று இருக்கிறது, யாரும் இரண்டாவது கிளாஸ் கேட்டதில்லை என்றார். கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் ஒப்புக்கொண்டார்.

மிச்சம் நடிப்பு. லிஃப்ட்காரர் ஆயுளில் எந்தச் சாப்பாட்டுக்கும் "ம்" என்பதற்கு மேல் சொன்னதில்லை. அடுத்த சனிக்கிழமை மீன் வந்ததும் முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி, "ஆஹா" என்றார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு லிஃப்ட்காரர் இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டார், பரீட்சையில் விடையை மறைக்கிற பையன்போல.

"என்ன அது அப்படி?" என்றார் அம்மாள்.

"ஒண்ணுமில்ல. உனக்குப் பிடிக்காது."

இது போதுமாயிருந்தது. கரண்டி வளைந்த கையைத் தாண்டி உள்ளே இறங்கியது. மீன் முள்ளானது. ஒயினை வாசனை பார்த்தவர் முகத்தைக் கோணினார், இருந்தாலும் அடிமட்டம்வரை வாசனை பார்த்தார். இன்னொன்று கேட்கச் சொல்லவில்லை.

லிஃப்ட்காரருக்குத்தான் வயிறு காய்ந்தது. இறங்குகிறபோது, "மோட்டார் ரூம்ல என்னமோ சத்தம் கேக்குது, பாத்துட்டு வந்துடறேன்" என்றார். அம்மாளைக் கீழே செருப்புக் கடையில் உட்காரவைத்துவிட்டு மேலே ஓடினார். அங்கே வெயிட்டர் காகிதப் பொட்டலத்தோடு காத்திருந்தார். சூடான உருளைக்கிழங்கு, ஒரு கோழிக்கால். ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தின்று, கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் அந்த மோட்டாரில் சத்தம் கேட்டது. அம்மாளும் ஒவ்வொரு மாதமும் பொறுமையாகச் செருப்புப் பார்த்தார்.

வீட்டுச் சமையலைக் கவனிக்க மகள் இருந்தாள், வெளிச் சாப்பாட்டைக் கவனிக்க இவர் இருந்தார். ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது சுகரும் இறங்கியிருந்தது, கொழுப்பும் இறங்கியிருந்தது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாள் எல்லாவற்றுக்கும் மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று அவளுக்கு விளக்கினார். பக்கத்து வீட்டுக்காரிக்கும் விளக்கினார். லிஃப்ட்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வெயிட்டர் வந்து நின்றார். லிஃப்ட்காரர் வாய் திறப்பதற்குள் அம்மாள் முந்திக்கொண்டார்.

"எனக்கு அந்த ஆவியில வெச்ச மீன். அவருக்குக் கோழியும் உருளைக்கிழங்கும். தட்டுலயே குடுங்க, மோட்டார் ரூமுக்கு அனுப்ப வேணாம்."

வெயிட்டர் அவசரமாக வேறு மேசையைப் பார்த்தார். லிஃப்ட்காரர் மேசைவிரிப்பின் ஓரத்தை நிமிண்டினார். எப்போது தெரிந்தது என்று மெதுவாகக் கேட்டார்.

"முதல் தடவையே தெரியும். சட்டைப் பையிலேருந்து கைப்பட்டி வரைக்கும் கறை. லிஃப்ட் கிரீஸு கறுப்பா இருக்கும். உருளைக்கிழங்கு எண்ணெய் மஞ்சளா பரவும். இதைப் பாக்குறதுதானே எனக்கு வேலை?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஆஹான்னீங்க பாருங்க" என்று அம்மாள் துண்டை மடியில் விரித்துக்கொண்டார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் சமையலுக்கு ஒரு தடவை அப்படிச் சொன்னதில்ல. இவ்வளவு மெனக்கெடுறாரே, முழுசாப் பாத்துடுவோம்னு உட்காந்துட்டேன்."

தட்டுகள் வந்தன. லிஃப்ட்காரர் பழக்க தோஷத்தில் தம்முடையதை மேசை நடுவுக்குத் தள்ளினார். அம்மாள் ஒற்றை விரலால் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு மீனில் கைவைத்தார். இவர் ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றார். இன்னொன்று தின்றார். மோட்டார் ரூமில் நின்று தின்றபோது இருந்த ருசி இல்லை, அதற்கு முந்தி இருந்த ருசியும் இல்லை. தட்டு அநியாயத்துக்கு நிறைந்தே இருந்தது.

"ஒண்ணு எடுத்துக்கோ" என்றார்.

"வேணாம்."

"ஒண்ணுதானே. மக கேட்டா நான் பாத்துக்கறேன்."

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். தட்டின் மேல் குனிந்து, கறை பார்க்கிற கண்ணோடு ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பிறகு இருக்கிறதிலேயே நீளமான ஒன்றை உருவி எடுத்துக்கொண்டார்.