ரத்தம் சொல்லாத பதில்

யுத்தம் முடிந்த வருடம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறி, ஏறாவூர் வீதியில் தன்னாமுனைப் பக்கமாக வேகமாய் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வாரத்துக்கு முன் கொடுத்த ரத்தத்தின் பரிசோதனை முடிவைச் சொல்லும் நாள் அது. என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து ஓடி வந்துவிட்டேன்.

எனக்கு வலது கை நடுங்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். வியர்க்கும். அதனால் எந்த வேலையிலும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. என் அப்பா கடைசிக் காலத்தில் யாரும் இல்லாத வயலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பைத்தியம் என்று சொல்லிக் கட்டி வைத்தார்கள். கட்டி வைத்த இடத்திலேயே செத்தார். அவருக்கும் முதலில் கைதான் நடுங்கியது.

ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்தபோது, ரத்தத்தைப் பார்த்து இது இன்னாருடைய பிள்ளை என்று சொல்வார்கள் எனக் கேள்விப்பட்டிருந்தேன். அப்பாவின் பெயரைச் சொல்லும் ரத்தம் அப்பாவின் நோயையும் சொல்லிவிடும் என்று நினைத்தேன். முடிவு வரும் கடதாசியில் அது எழுதியிருந்தால் என்னையும் கட்டுவார்கள்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. கிளினிக்கில் பெயர் கூப்பிடும் சிற்றூழியர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"உன்ட பேரைக் கூப்பிட்டு என்ட தொண்டை போயிற்று மனே. எங்க ஓடுறாய்? டொக்டர் உன்னைத் தேடினவர்."

டாக்டர் தேடினார் என்றதும் நின்றுவிட்டேன். ஓடினால் பைத்தியம்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சைக்கிளின் பின்னால் ஏறினேன். அவர் சாப்பிடப் போகாமலே சைக்கிளைத் திருப்பி என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார்.

டாக்டர் கடதாசியைப் பார்த்தார். "ரத்தத்தில ஒண்டும் இல்ல. தைரொயிட் கூடினாலும் இப்படி நடுங்கும், அதுக்குத்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தம்."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா, ஐயா?"

"மனநோயை ரத்தத்தில கண்டுபிடிக்க இன்னும் வழி வரல்ல. தேடிக்கொண்டுதான் இருக்கிறாங்க. அதை உங்கட வாயாலதான் நான் அறியோணும். எந்த நேரம் நடுங்குது?"

அவர் அப்படிச் சொன்னது முன்பிருந்ததைவிடப் பயமாக இருந்தது. கடதாசிக்குப் பின்னால் இனி ஒளிய முடியாது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் நடுங்கும் என்றேன். கல்குடாவில் சுனாமி அலை வந்தபோது இடது கையால் தென்னையைப் பிடித்திருந்தேன். வலது கையில் தங்கச்சி இருந்தாள்; அவளைத் தண்ணீர் பறித்துக்கொண்டு போனது. இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவைக் கட்டி வைத்ததையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை வைத்தார். பிறகு, "அப்பாக்கு வந்தது உங்களுக்கும் வரத்தான் வேணும் எண்டில்ல. உங்கட வருத்தம் வேற, அது அலையால வந்தது. மாசம் ஒருக்கா வந்து கதையுங்க" என்றார். யாரும் என்னைக் கட்டவில்லை.

மறுநாள் காலை கரடியனாற்றில் நிலச்சொந்தக்காரரான ஒரு போடியாரின் வயலுக்கு ஆள் தேவை என்றார்கள். போய்ப் பார்த்தால் வாய்க்காலைத் திறந்து தண்ணீர் பாய்ச்சும் வேலை. வரம்பை விட்டு இறங்காமல் நின்றேன்.

"என்ன மனே, தண்ணிக்குப் பயமோ?" என்று போடியார் பகிடியாகக் கேட்டார்.

"ஓம், பயம்தான். கை நடுங்கும்" என்றேன்.

என் கையைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை நீட்டினார். "நடுங்கினாலும் மண் வெட்டுப்படும்."

இன்றும் வாய்க்கால் சத்தத்தில் கை நடுங்குகிறது. ஏன் என்று யாராவது கேட்டால் ஓடாமல் நின்று சொல்ல, அந்த வயலில்தான் பழகினேன்.