ஏலகிரியில் பத்து நாள்

எங்கள் வீட்டில் கோடை விடுமுறை என்றால் அது தாத்தாவின் பொறுப்பு. ஜோலார்பேட்டையிலிருந்து இருபது வயதில் செகந்திராபாத் ரயில்வே பணிமனை வேலைக்கு வந்தவர், மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் அப்பாவை வளர்த்து ஆளாக்கி, ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பகுதியை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து மனைவியோடு, எங்கள் ஆயாவோடு, இருந்தார். நாங்கள் நான்கு பேர், அப்பா, அம்மா, அக்கா, நான், ஹப்சிகுடாவில் இருந்தோம். மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கெல்லாம் தாத்தா வாசலில் நிற்பார். பின்னால் ஆயா, கையில் புளிசாதத் தூக்குடன். உயிரியல் பூங்கா, கோல்கொண்டா, ஹுசேன் சாகர் கரை என்று வெயில் ஏறுவதற்குள் ஓர் இடம். தண்ணீர்க் கேனைத் தூக்குவது அப்பா. ஆட்டோக்காரரிடம் "நக்கோ பாய், நக்கோ", வேண்டாம் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே பேரம் பேசுவதும் அப்பா. அவர் பேசும் தக்கனி உருதுவைக் கேட்டு ஆட்டோக்காரர்களும் சிரித்துவிடுவார்கள்.

எனக்குப் பதினொரு வயதான கோடையில் அப்பா முதல் ஞாயிறு மட்டும்தான் வந்தார். அடுத்தடுத்த வாரங்களில் பேகம்பேட் அலுவலகத்தில் வேலை இருப்பதாகச் சொன்னார். நான் நம்பினேன். அதற்கு முன்பே சில மாதங்களாக அவரும் அம்மாவும் எங்கள் மூலமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "அப்பாகிட்ட கேஸ் தீந்துடுச்சுன்னு சொல்லு" என்பாள் அம்மா. அப்பா பக்கத்து அறையில்தான் இருப்பார். அதை நான் ஒரு விளையாட்டுபோல எடுத்துக்கொண்டு, இங்கும் அங்கும் ஓடிச் சேதி சொன்னேன்.

மே மாத நடுவில், வாரநாள் ஒன்றில் தாத்தா வந்தார்.

"ஏலகிரி போலாமா? மலை மேல. பத்து நாளு. என் சிநேகிதன் வீடு காலியாத்தான் கீது."

நான் குதித்தேன். அம்மாவுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை, வர முடியாது. அப்பா?

"வெள்ளிக்கிழமை வந்துருவான்மா. லீவு சொல்லிட்டுத்தான் வரணும்" என்றார் தாத்தா.

செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அப்பா வந்து எங்களை வண்டியேற்றிவிட்டார். பிளாட்பாரத்தில் நின்றபடி ஜன்னல் கம்பிக்குள் கையைவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகரும் வரை விடவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்து, நானே உருவிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமைதானே டாடி?"

அவர் தலையாட்டினார். வாயைத் திறந்து ஆமாம் என்று அவர் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் எனக்குத் தோன்றியது. தலையாட்டினார், அது நிச்சயம்.

ஏலகிரி எனக்கு அதுவரை தெரியாத ஓர் உலகமாக இருந்தது. மே மாதத்திலும் காலையில் போர்வை தேவைப்பட்டது. இரண்டு அறை வீடு, பின்னால் ஒரு பலா மரம், அடிமரத்திலேயே காய்கள். தாத்தா தினமும் ஒரு திட்டம் வைத்திருந்தார். ஏரியில் பெடல் படகு. தாத்தாவும் அக்காவும் மிதிக்க, நானும் ஆயாவும் ராணிகள்போலப் பின்னால் உட்கார்ந்தோம். சுவாமிமலை உச்சிக்கு ஒரு நாள் ஏறினோம். பாதி வழியில் ஆயா ஒரு பாறையில் உட்கார்ந்து, "நீங்க போய் சாமியைப் பார்த்துட்டு வாங்க, சாமி என்னை இங்கியே பாத்துக்கும்" என்றாள். சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி. எல்லாவற்றையும்விட ஆச்சரியம் அக்கா. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் என் பென்சில் அவள் பக்கம் உருண்டாலே சண்டை. மலையில் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தாள். தலை பின்னிவிட்டாள். தாயம் ஆடும்போது என் காயை வெட்ட முடிகிற இடத்தில் வெட்டாமல் விட்டாள். நான் அவளைக் கவனித்துவிட்டு, மலைக் காற்று அவளைத் திருத்திவிட்டது என்று ஆயாவிடம் சொன்னேன். ஆயா பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பலாப்பழம் அறுத்ததில் பெரிய சுளைகளாகப் பொறுக்கி ஒரு டிபன் டப்பாவில் போட்டு மூடினேன். அப்பாவுக்குப் பலாப்பழம் உயிர். நாலு மணி பஸ்ஸுக்குத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பஸ் திரும்பும்போதே தாத்தா நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டரும் இறங்கி டீக்கடைக்குப் போனார்.

"அடுத்த வண்டில வருவான்" என்றார் தாத்தா.

அடுத்த வண்டிக்கும் நின்றோம். இடையில் எனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பஸ்ஸிலும் அப்பா இல்லை. தாத்தா சற்றுத் தள்ளிப் போய் போனில் பேசிவிட்டு வந்தார்.

"ஆபீஸ்ல விடலையாம். நாளைக்கு."

சனிக்கிழமையும் போனோம். ஞாயிற்றுக்கிழமையும் போனோம். மூன்று நாளும் அவர் நெற்றிக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். திங்கள்கிழமை நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபோது அக்கா, "போவாத. அவரு வர மாட்டாரு" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். ஆயா டப்பாவைத் திறந்து, புளித்துப்போன சுளைகளைக் குப்பையில் கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அப்படியும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அப்பாவின் அலுவலகத்தைத்தான் திட்டினேன். மீதி நாட்களில் மறுபடி படகு, மறுபடி பஜ்ஜி, மறுபடி சிரிப்பு.

திரும்பி வந்தபோது ஸ்டேஷனுக்கு அம்மா மட்டும் வந்திருந்தாள். தாத்தாவும் ஆயாவும் அங்கேயே வேறு ஆட்டோவில் ஏறி மெட்டுகுடா போனார்கள். எப்போதும் எங்களை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா நேராகப் படுக்கையறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்து, அப்பாவின் சட்டைகள் இருந்த தட்டில் தன் துணிப்பையை வைத்தாள். அந்தத் தட்டு காலியாக இருந்தது. அது காலியாக இருக்கும் என்று தெரிந்தவள்போலத்தான் அவள் வைத்தாள். நான் குளியலறைக்கு ஓடினேன். ஷேவிங் கண்ணாடி இல்லை. கீழே போய்ப் பார்த்தேன். ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

மேலே வந்தபோது அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, "அப்பா இனிமே இங்க இருக்க மாட்டாரு. வேற வீடு பாத்துட்டாரு. நீ எப்ப வேணும்னாலும் போய்ப் பாக்கலாம்" என்றாள். நிறைய தடவை சொல்லிப் பார்த்த வாக்கியங்கள்போல இருந்தன.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"ஹவ், தெரியும்."

"எப்போ?"

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே. சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

"தாத்தாவுக்கு?"

"எல்லாருக்கும்தான். கைக்கு, எதுக்கு அழுவுற? சொல்லிருந்தா அங்கயும் இப்படித்தான் அழுதிருப்ப."

அப்பா போனதற்காக நான் அன்று அழவில்லை. அந்த வீட்டில் சேதி கொண்டுபோனவளே நான்தான். பேச்சு நின்றுபோயிருந்தது எனக்கும் ஏதோ ஒரு மூலையில் தெரிந்திருக்கும். நான் அழுதது அந்தப் பத்து நாளுக்காக. படகில் நான் பாடிக்கொண்டு வந்தபோது கூட இருந்த மூன்று பேருக்கும் தெரியும். தாயத்தில் ஜெயித்துவிட்டு நான் கத்தியபோது தெரியும். அதுவரை என் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த நாட்கள் அவைதான். இங்கே சட்டைகள் பெட்டியில் அடுக்கப்படுவதற்காக என்னை அங்கே சந்தோஷமாக வைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு தாத்தா வந்தார். மலையில் எடுத்த போட்டோக்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மேலே இருந்தது நான் படகில் வாய்விட்டுச் சிரிக்கிற படம். கவரை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னாமா, தாத்தா மேல கோவமா?"

"போட்டோ நக்கோ" என்றேன். அப்பாவின் வார்த்தை.

அவர் கவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர்களோடு ஞாயிற்றுக்கிழமை எங்கும் போக நான் சம்மதிக்கவில்லை. அக்கா மட்டும் சில தடவை போனாள். பிறகு அதுவும் நின்றது.

அப்பா போவன்பள்ளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். கீழே நாள் முழுக்கக் காய்கறி லாரிகள் போய்வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்களை அழைத்துப்போய்த் தக்காளிச் சாதம் செய்து போடுவார். முதல் தடவை போனபோது, "ஏலகிரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லாவே இல்ல. பத்து நாளும் மழை" என்றேன்.

மழையே பெய்யவில்லை என்று அக்கா சொல்லவில்லை. அப்பா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டார். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்: "நீ பாத்துட்டு இருக்கும்போது என்னால அந்த வாசலைத் தாண்ட முடியாதுடா கண்ணா. அதுக்குத்தான் தாத்தாகிட்ட கேட்டேன்."

அது அவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எனக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன், தாத்தாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்தான் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டேன். ஒரு கண்ணில் பட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆயா அடுப்படியில் இருந்தாள். எப்படியோ கேட்டுவிட்டேன்.

"தாத்தா, வர மாட்டார்னு தெரிஞ்சும் மூணு நாளு என்கூட பஸ்ஸுக்கு ஏன் நின்னீங்க?"

எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் யோசிக்கவே இல்லை.

"வருவான்னுதாம்மா நின்னேன். தினம் போன் பண்ணேன் அவனுக்கு. வாடா, புள்ளைங்க மொகத்தை ஒருவாட்டி பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுடான்னேன். பாக்குறேம்பா, பாக்குறேம்பான்னான். வந்துருவான்னுதான் நானும் நெனச்சேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு கண்தான் தெரிந்தது. உண்மையாக இருக்கலாம். அறுவைச் சிகிச்சை நாளில் பேத்தியைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகவும் இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பழக்கம் உண்டு.

அடுத்த முறை போவன்பள்ளி போனபோது அப்பாவிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"போன் பண்ணாரா? பண்ணிருப்பாரு. எனக்கு ஞாபகம் இல்லடா."

அக்காவும் நானும் இப்போது நன்றாகத்தான் இருக்கிறோம். தினமும் போனில் பேசுகிறோம். போன வாரம்கூட, அம்மாவுக்குச் சர்க்கரை அளவு சரியாகிவிட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றாள். சரி என்று போனை வைத்தேன். வைத்தவுடன் பரிசோதனைக் கூடத்துக்கு நானே போன் செய்து, ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பச் சொன்னேன்.