நோ மோர்

இறந்துபோன சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அவர் இறந்த செய்தி எனக்கு ஆங்கிலத்தில்தான் கிடைத்தது.

எங்கள் ஆங்கில மிஸ் தினமும் ஒரு சொற்றொடரைப் பலகையில் எழுதிப் போடுவார். அதை மனப்பாடம் செய்து பயனில்லை. யாராவது உண்மையாகவே ஆங்கிலத்தில் அப்படி ஒன்றைப் பேசக் கேட்டு, யார் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டும். சொன்னால் கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார். மற்ற பிள்ளைகளுக்கு இது எளிது. அவர்கள் வீடுகளில் சாப்பிடும்போதே ஆங்கிலம் பேசினார்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தி.நகருக்கு வந்து துணிக்கடை வைத்தவர்கள். சூரத்திலிருந்து சேலை அனுப்பும் வியாபாரி ஃபோன் செய்தால்தான் எங்கள் வீட்டில் ஆங்கிலம் கேட்கும். அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆளுக்குப் பாதி தெரிந்த ஆங்கிலத்தில் இருவரும் எப்படியோ வியாபாரத்தை முடித்துவிடுவார்கள். அந்த ஃபோன் வந்தால் நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ‘டச் வுட்’ என்று சொல்லிவிட்டு அப்பா மேசையைத் தட்டியது எனக்கு ஒரு நட்சத்திரம் வாங்கித் தந்தது.

ஒரு நாள் எதிர்முனையில் சித்தப்பாவைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். அப்பா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஹீ ஈஸ் நோ மோர்” என்றார். அதற்குள் குக்கர் விசில் அடித்தது. மீதி எனக்குக் கேட்கவில்லை. மோர் என்றதும் நான் எங்கள் வீட்டு மோரைத்தான் நினைத்தேன். சித்தப்பாவுக்குச் சைனஸ் தொல்லை, மோர் ஒத்துக்கொள்ளாது. இதைப் போய் சூரத்துக்காரரிடம் ஏன் சொல்கிறார் என்று குழம்பினேன்.

மறுநாள் வகுப்பில் எழுந்து, “மை அங்கிள் ஈஸ் நோ மோர்” என்றேன். மிஸ்ஸின் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. அவர் அருகில் வந்து என் தலையைத் தடவினார். எப்போது என்று கேட்டார். நேற்று என்றேன். வகுப்பு முழுவதும் எழுந்து தலைகுனிந்து நின்றது. நானும் நின்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்தவள் என் காதருகே வந்து, “நோ மோர்னா செத்துட்டாங்கன்னு அர்த்தம்டி” என்றாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். கடையை அவரும் அப்பாவும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். சில வாரங்களுக்கு முன்னால் மூடிய கதவுக்குப் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. அதன் பிறகு அவரைக் காணவில்லை. கூடத்தில் அவரும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. கடைப் பலகையிலிருந்து ‘பிரதர்ஸ்’ என்ற சொல்லை ஓர் ஆள் ஏணியில் ஏறி எழுத்து எழுத்தாகப் பெயர்த்து எடுத்ததை நானே பார்த்திருந்தேன். அவரைப் பற்றிக் கேட்டால் அம்மா, “அந்தப் பேச்ச எடுக்காதட்டி” என்பாள். யாரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவருடைய அறையில் சட்டைகள் கொடியில் அப்படியே தொங்கின. காற்றடிக்கும்போது அந்தக் கதவு தானாகத் திறந்து மூடும். நான் அதைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவேன்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. பள்ளியைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். தெருவில் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஓடியது, மின்சாரமும் போய்விட்டது. பாலும் மெழுகுவர்த்தியும் வாங்க அம்மா கீழே போனாள். இரும்புக் கிராதியை உள்ளே பூட்டிக்கொள், யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கிராதி லேசாக ஆடியது.

“ஏட்டி, நாந்தான்.”

படிக்கட்டில் வெளிச்சமே இல்லை. சித்தப்பா நின்றிருந்தார். தலையிலிருந்து நீர் சொட்டியது, இடுப்புக்குக் கீழே எல்லாம் சேறு. முகம் ஊறிப்போன காகிதம் போல வெளுத்திருந்தது. எனக்குக் கத்த வாய் வரவில்லை. மரியாதையாகப் பேசினால் ஒன்றும் செய்ய மாட்டார் என்று தோன்றியது.

“வாங்க சித்தப்பா” என்றேன்.

“அப்பா இருக்காவளா?”

“கடையில இருக்காங்க. அம்மா கீழ போயிருக்காங்க.”

“அப்பம் தொறக்காத. பூட்டியே கெடக்கட்டும்.”

உள்ளே வரக் கூடாது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நான் கிராதிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

“நீங்க இருக்கிற எடம் எப்படி இருக்கு சித்தப்பா?”

“ஒரே இருட்டுட்டி. முட்டளவு தண்ணி உள்ள வந்துட்டு. கட்டில் மேல ஏறி உக்காந்து பாத்தேன். பொறவு முடியல.”

“அங்க வேற யாரும் இல்லியா?”

“நெறைய பேர் இருக்காவ. ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்கிட மாட்டாவ.”

“எப்படி வந்தீங்க?”

“நடந்துதான். ரயிலும் நின்னு போச்சு.”

குடிக்க வெந்நீர் கேட்டார். ஃபிளாஸ்கிலிருந்து டம்ளரில் ஊற்றிக் கம்பி இடைவெளியில் நீட்டினேன். வாங்கும்போது அவர் விரல் என் மேல் பட்டது. அப்படி ஒரு குளிர்ச்சியை நான் அதுவரை தொட்டதில்லை. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

“சித்தப்பா, நீங்க நோ மோர்தானே?”

“என்னது?”

“அப்பா சொன்னாங்க. சூரத் அங்கிள்கிட்ட. ‘ஹீ ஈஸ் நோ மோர்’னு.”

டம்ளர் அவர் வாயருகே போய் நின்றது.

“எங்க அண்ணனா சொன்னாவ? அவிய வாயால?”

“ஆமா.”

சித்தப்பா டம்ளரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். “சரிட்டி. அவியளே சொல்லிட்டாவன்னா அப்படித்தான்” என்று எழுந்தார். அவர் படியிறங்கும் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

அம்மா வந்ததும் சொன்னேன். பால் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த வாட்ச்மேன் சிரித்தார். “இன்னா பாப்பா, நான் கேட்டாண்டதான குந்திகினு கீறேன். ஒரு ஆளு உள்ள வர்லியே.” நடுவில் மோட்டார் அறைக்குத் தண்ணீர் இறைக்கப் போனதை அவர் பிறகுதான் ஒத்துக்கொண்டார். காய்ச்சலோ என்று அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் கிராதிக்கு வெளியே இருந்த டம்ளரையும், அதைச் சுற்றிக் கிடந்த சேற்றுக் கால்தடங்களையும் பார்த்தாள். கை அப்படியே என் நெற்றியில் நின்றுவிட்டது.

மழைக்காகக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அப்பா இருட்டுவதற்குள் வந்தார். அம்மா அவரிடம் தலை துவட்டத் துண்டுகூடக் கொடுக்கவில்லை.

“ஒங்க தம்பி வந்துட்டுப் போயிருக்காவ. தனியாப் போயி இருக்க வேளச்சேரி வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணியாம். இவட்ட வெந்நி வாங்கிக் குடிச்சிருக்காவ. நீங்க செத்துட்டான்னு சொன்னத இவ சொல்லியிருக்கா. அப்படியே திரும்பிப் போய்ட்டாவ.”

“நான் எப்பம் அப்படிச் சொன்னேன்?”

நான் சொல்லிக் காட்டினேன், அப்பாவின் குரலிலேயே.

“அய்யோ, ‘நோ மோர் வித் அஸ்’னுல்லா சொன்னேன். நம்மகூட இப்பம் இல்லன்னு.”

“நம்மகூட இல்லன்னு தமிழ்ல யாரச் சொல்லுவாவ?” என்று அம்மா கேட்டாள்.

அப்பா சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டார். பிறகு மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் இறங்கிப் போனார். அவர் ஃபோனும் கொஞ்ச நேரத்தில் கிடைக்காமல் போனது. அம்மா மெழுகுவர்த்தியின் முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். நான் அவள் மடியில் எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விடியும்போது கிராதி ஆடியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சித்தப்பாவுக்குப் பக்கத்தில் அப்பா. முகத்தில் மூக்குக்கண்ணாடி இல்லை. உதடு வெளுத்து, உடம்பெல்லாம் சாக்கடை வாடை. இருவரும் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தார்கள். சித்தப்பா அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வீடே அதிரும்படி அழுதேன்.

“ஏன்ட்டி அழுத? ரெண்டு பேரும்தான் வந்துட்டாவல்லா” என்று சொல்லிவிட்டு அம்மாவும் அழுதாள். சித்தப்பா மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்பதற்கு அந்த அழுகையைத்தான் இன்றும் எங்கள் வீட்டில் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா இட்லி வைத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பா தன் தட்டிலிருந்து ஓர் இட்லியை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே சித்தப்பாவின் தட்டில் வைத்தார். சித்தப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிய்த்துச் சாப்பிட்டார். இறந்தவர்கள் இருக்கும் அந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மாவோ கொஞ்சமும் பயப்படாமல் குனிந்து இருவருக்கும் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்படியானால் அவளும் அவர்கள் பக்கம்தான். இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். தனியாக இருப்பதைவிட அந்தப் பக்கம் போவது ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டை நீட்டினேன்.