மச்சான் பூசை போட்ட கயாக்

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எதற்குக் கயாக் என்கிற துடுப்புப் படகை வாங்கினாய் என்று வேலையிடத்தில் கேட்டவர்களிடம் உடற்பயிற்சி, மன அமைதி, கடல்காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். அத்தனையும் பொய். இனி அந்த மனிதரின் படகில் கால் வைக்கக் கூடாது. அதற்காகத்தான் வாங்கினேன்.

மச்சானுக்கு மலாக்காவை ஒட்டிய குருபோங்கில் லாரித் தொழில். கடலுக்குப் போக ஒரு ஃபைபர் படகும் வைத்திருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் போன் வரும். அதை அழைப்பு என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அது உத்தரவு. படகில் இறால் உரிப்பது நான், நங்கூரம் இழுப்பது நான், திரும்பி வந்ததும் படகைக் கழுவுவது நான். எந்தப் பக்கம் தூண்டில் போடலாம் என்பதையும் அவர்தான் சொல்வார். "மாப்ள, அந்தப் பக்கம் எனக்கு. நீ இந்தாண்ட போடு" என்பார். இந்தாண்ட எப்போதும் எஞ்சின் பக்கமாகத்தான் இருக்கும். எஞ்சின் சத்தத்தில் எந்த மீன் வரும்?

அப்படியும் ஒரு நாள் வந்தது. பெரிய சியாக்காப், கொடுவா மீன். என் தூண்டில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. நான் சுருளைச் சுற்றத் தொடங்குவதற்குள் மச்சான் எழுந்து வந்து, "குடு குடு, நீ விட்டுருவ" என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். மீனை ஏற்றினார். கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுத்தது நான். நாங்கள் கரை ஏறுவதற்குள் அந்தப் படம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "அண்ணன் எவ்ளோ பெரிய மீன் புடிச்சிருக்காரு, பாத்தீங்களா?" என்று என்னிடமே கேட்டாள். நான் குளிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கயாக் வீடியோக்களாகப் பார்த்தேன். அதில் வருகிறவர்கள் எல்லாரும் வெயிலே படாதவர்கள் போலச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், மீன் கூப்பிட்டதும் வரும். அவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. கயாக்கில் ஒருவருக்குத்தான் இடம். எனக்கு அது போதும்.

ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை மலாக்காவில் வாங்கி, காரின் கூரையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காரைவிடக் கயாக் நீளம். பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னா தம்பி, சவப்பெட்டியா?" என்று கேட்டார். நல்ல நாளும் அதுவுமாக வாயில் வருகிற வார்த்தையைப் பாருங்கள். என் மனைவிக்கு அதைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் தீர்ப்புச் சொன்னாள். அவளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். "போங்க, வேணாங்கல. ஆனா அண்ணனோட ஃபைபர் போட்டு வந்து ஒங்கள ஏத்திக்கிட்டு வர்ற மாதிரி ஆச்சுன்னா, அன்னைக்கே அத வித்துரணும். சத்தியமா சொல்றேன்."

"சரி" என்றேன். எந்த நேரத்தில் சொன்னேனோ. அவள் அதை அண்ணனிடமும் சொல்லிவிட்டாள். அவர் போனில் சிரித்தது சமையலறை வரைக்கும் கேட்டது.

பூசை போடாத வண்டியில் ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். சைக்கிள் வாங்கினாலும் சட்டம், லாரி வாங்கினாலும் சட்டம். கயாக் வண்டியா இல்லையா என்று யாரும் யோசிக்கவில்லை. அதனால் ஒரு குளத்திலாவது இறக்கிப் பார்த்துவிடலாம் என்ற என் திட்டம் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் கயாக்கைக் கழுவி, திருநீறு பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு மனைவி தயாராக இருந்தாள். யாரும் கூப்பிடாமலே மச்சான் வந்து நின்றார். புது லாரிகளுக்குப் பூசை போட்டுப் பழகிய கை. வந்ததும் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைக்க வேண்டும். கயாக்குக்குச் சக்கரம் ஏது? அதைத் தள்ளிக்கொண்டு போகிற சின்னத் தள்ளுவண்டிக்கு இரண்டு சக்கரம் இருந்தது. அதற்கடியில் வைத்து இழுத்தார். எலுமிச்சை நசுங்கவில்லை; தள்ளுவண்டி சாய்ந்து கயாக் என் கால் விரலில் விழுந்தது. "சகுனம் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு சூடத்தை நேராகக் கயாக்கின் மேலேயே வைத்துக் கொளுத்தப் போனார்.

"மச்சான், அது பிளாஸ்டிக்!"

"லாரிக்கு வைக்கல?"

"லாரி இரும்பு! இது உருகிரும்லா!"

தட்டில் வைத்துக் கொளுத்த அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்ற திமிரில் தேங்காய் எடுக்க உள்ளே போனேன். நான் திரும்பி வருவதற்குள் திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கோர்த்த கயிறு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் உள்ளது கைப்பிடியில் கட்டியிருந்தது. பின்னால் உள்ளதை மாலை மறைத்திருந்தது. அதுவும் கைப்பிடியில்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை தஞ்சோங் கிளிங் கடற்கரை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. கயாக்கின் பின்பக்கம் உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க ஒரு திருகு மூடி இருக்கும், இறங்குவதற்கு முன் அதை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் அந்தச் சிரிப்பு மனிதர்கள் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்கள். பார்க்கத்தான் போனேன். காய்ந்த மாலையும் திருஷ்டிக் கயிறும் கையில் தட்டின. "அதுல கை வைக்காதீங்க!" என்று மனைவி கத்தினாள். திருஷ்டிக்குக் கட்டியதைத் தொட்டால் திருஷ்டி நமக்கு வந்துவிடும். கையை எடுத்துவிட்டேன். கடையில் இறுக்கித்தானே கொடுத்திருப்பார்கள்.

மச்சானின் படகு ஏற்கெனவே தண்ணீரில் நின்றது. மீன் பிடிக்க வந்திருக்கிறாராம். இத்தனை பெரிய கடலில் அவருக்கு அந்த இடம்தான் கிடைத்தது.

முதல் கால் மணி நேரம் துடுப்பை எப்படிப் பிடிப்பது என்பதிலேயே போனது. இடுப்பு வலித்தது, தொடை மரத்தது, உப்புத் தண்ணீர் கண்ணில் அடித்தது. கயாக் நான் சொன்ன பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்குப் போனது. கரையில் மனைவி விரல் அளவுக்குத் தெரிந்தாள். அங்கே நிறுத்தி, இறாலைக் கோர்த்துத் தூண்டிலைப் போட்டேன். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கெலாமா மாட்டியது. உள்ளங்கை அளவு மீன், சந்தையில் விலைகூட வைக்க மாட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பிடுங்கவில்லை. நானே சுற்றினேன், நானே எடுத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் பின்பக்கம் கனப்பதைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வால் தண்ணீருக்குள் இருந்தது. உள்ளே சளக் சளக் என்று சத்தம். இரண்டு தடவை துடுப்புப் போட்டேன். மூன்றாவது தடவை கயாக் பக்கவாட்டில் புரண்டு, நான், தூண்டில், இறால் டப்பா, கெலாமா எல்லாம் கடலில்.

லைஃப் ஜாக்கெட் என்னைத் தூக்கிவிட்டது. கவிழ்ந்த கயாக்கின் மூக்கு மட்டும் மேலே தெரிந்தது. அதைக் கட்டிக்கொண்டேன். நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மச்சானின் படகு பக்கத்தில் வந்துவிட்டது.

"என்னா மாப்ள, கயாக்கு குளிக்குதா?"

"போங்க மச்சான்."

"ஏறுலா. செத்துருவ."

"ஏற மாட்டேன்."

"கயிறாச்சும் புடி. இழுத்துட்டுப் போறேன்."

"வேணாம்னா வேணாம்!"

அவர் போனை எடுத்து என்னைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். குடும்பக் குழுவுக்குத்தான், வேறு எதற்கு. படகை என்னைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் அலை வந்து என் வாயில் அடித்தது. நான் அவருடைய பரம்பரையையே திட்டினேன். அதில் என் மனைவியும் சேர்த்தி என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை. கயாக்கின் மூக்கை ஒரு கையிலும் துடுப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக் கரைப் பக்கம் தள்ளினேன். ஏறுகிற கடல் கொஞ்சம் உதவியது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, விட்டது, மறுபடி பிடித்துக்கொண்டது. பயமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். கையை நீட்டினால் போதும், அவர் தூக்கிவிடுவார். கயாக் போகும். அடுத்த ஞாயிறு போன் வரும். நான் உதைத்துக்கொண்டே இருந்தேன்.

காலில் சேறு தட்டியபோது மனைவி சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீருக்குப் பயந்தவள். கயாக்கின் மறு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக இழுத்துக் கரையில் போட்டோம். பின்பக்கத்திலிருந்து குழாய் திறந்தது போலத் தண்ணீர் கொட்டியது. மூடி இருக்க வேண்டிய ஓட்டையில் அந்தத் திருஷ்டிக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். கயிற்றின் முனையில் ஊதுபத்திக் குச்சி ஒன்றைக் குறுக்காகக் கட்டி உள்ளே விட்டிருந்தார்கள், வெளியே வராமலிருக்க.

மச்சான் படகைக் கரையேற்றிவிட்டு வந்தார். "நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் வெளையாட்டுச் சாமான். சொன்ன மாரி வித்துரு மாப்ள."

"இங்க ஒரு மூடி இருந்துச்சே" என்றேன்.

"அந்தக் கறுப்பு மூடியா? பத்திரமா கார்ல வச்சிருக்கேன். பின்னாடி கட்ட ஒழுங்கா ஒரு எடம் இல்லலா. இந்த ஓட்டதான் வாகா இருந்துச்சு." அவர் பெருமையாகவே சொன்னார். நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

துடுப்பு என் கையில் இருந்தது. அதை ஓங்கினேனா என்று எனக்கே நிச்சயமில்லை. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, போய் அத எடுத்துட்டு வாங்க."

அவர் போனார், எடுத்து வந்தார். அவள் திருஷ்டிக் கயிற்றைப் பிடுங்கிக் கடலில் வீசினாள். மூடியைத் தானே திருகினாள், விரல் நுனி வெளுக்கும்வரை.

"அப்ப விக்கலயா?" என்றார் மச்சான். "பேச்சுன்னா பேச்சுலா."

"ஒங்க போட்டுல அவரு ஏறலயே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவ போய்ட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

எனக்குக் கை ஓய்ந்து போயிருந்தது. குடித்த உப்புத் தண்ணீர் இன்னும் குமட்டியது. வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு அந்த வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். கயாக்கில் ஏறி உட்கார்ந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் போனேன்.

சேற்றில் கயாக் நகரவில்லை.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே அண்ணே" என்றாள் அவள். "புடிச்சுத் தள்ளுங்க."

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கால்சட்டையோடு முட்டி அளவு சேற்றில் இறங்கி, குனிந்து தள்ளினார். கயாக் தண்ணீரில் இறங்கியது. நான் நன்றி சொல்லவில்லை.