ஒரு சாண் தண்ணீர்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அந்தக் குழாய்க்காரருக்குப் 'பொறுங்க' என்றே பெயர். கான்கிரீட் போடும் நேரத்தில் எல்லோரையும் அந்த ஒரு சொல்லால் நிறுத்திவிடுவார். தரைக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாய்களை மணலில் பதித்து, அவை தரையைத் துளைத்து மேலே வரும் இடங்களில் நுரைப்பட்டை சுற்றுவார்; தரை அசைந்தாலும் குழாயைப் பிடித்து இழுக்காது. பிறகு கீழ்முனைக்குள் பந்தின் ரப்பர் பையை விட்டு ஊதி அடைத்து, மேலே இடுப்புயரத்துக்கு ஒரு குழாயை நிறுத்தி, வாய்வரை தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலைதான் தீர்ப்பு: தண்ணீர் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு.

இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணமான புதிதில், தானே பதித்த குழாய் அடியில் கசிந்து, தன் வீட்டுச் சமையலறைத் தரையையே உடைக்க நேர்ந்தது. பூசிய இடம் இன்றும் தனி நிறமாகத் தெரியும். யார் வந்தாலும் மனைவி, "இதுதான் எங்க வீட்டுக்காரர் கையெழுத்து" என்று காட்டுவாள்.

இந்த முறை வேலை அவளுடைய தம்பியின் வீட்டில். தம்பி கொத்தனார். ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போட்டவன், பதினாறு வருடம் வாடகை அறையில் இருந்துவிட்டு இப்போதுதான் தனக்கென்று போடுகிறான். பத்து மணிக்குக் கான்கிரீட் லாரி வரும். 'பொறுங்க' ஏழு மணிக்கே வந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது.

"என்ன மாமா, குழாய்க்குள்ள பொண்ணு பாக்குறீங்களா?"

"தண்ணி குறைஞ்சிருக்கு மாப்ளே."

"நேத்து அடிச்ச வெயிலுக்கு நானே ஒரு சாண் குறைஞ்சிட்டேன்."

அதற்காகவே பக்கத்தில் ஒரு வாளியை நிரப்பி வைத்திருந்தார். அதில் நூலளவுதான் இறங்கியிருந்தது. "வெயில் இதுக்கும்தானே அடிச்சுது?"

"அப்போ உங்க பந்துல காத்து போயிருக்கும்."

குழாய் போய்ச் சேரும் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"அப்புறம் தண்ணி எங்கதான் போச்சு?" இப்போது கொத்தனாரின் குரலில் கிண்டல் இல்லை. அவனும் குந்தி உட்கார்ந்தான்.

கிளை பிரியும் இடத்தில் இன்னொரு பந்தை ஊதி, சமையலறைக் குழாயை மட்டும் நிரப்பினார். அரைமணி நேரம் பார்த்தார், அசையவில்லை. குளியலறைக் குழாயை நிரப்பினார். அரை விரல் இறங்கியது.

குளியலறைப் பக்கம் மணலைக் கையாலேயே விலக்கினார். கரண்டி பட்டால் குழாய்க்குக் காயம். காய்ந்த மணல், மறுபடி காய்ந்த மணல், பிறகு விரலில் சில்லென்று ஈரம். குழாயின் வயிற்றில் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு.

"எவன்டா இதுமேல தள்ளுவண்டி ஓட்டினது?" கொத்தனார் எழுந்து கத்தினான். மணல் தள்ளிக்கொண்டு வந்த வண்டிக்காரர் கைப்பிடியை விடாமல் நின்றார்.

'பொறுங்க' குழாயின் அடியில் கைவிட்டு ஒரு செங்கல் துண்டை உருவினார். குழாயின் சரிவு மாறாமல் இருக்க, மணல் போடும்வரை அவர் ஆறு இடத்தில் துண்டு வைத்திருந்தார். மணல் திணித்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஐந்தைத்தான் எடுத்திருந்தார்.

"அவரைத் திட்டாத மாப்ளே. மணல் மட்டும் இருந்திருந்தா வண்டிப் பாரத்தைத் தாங்கியிருக்கும். கல்லு குத்திடுச்சு. வச்சது நான்."

"நீங்களா?"

"நான்தான்."

கொத்தனார் அந்தத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு லாரிக்காரருக்குப் போன் போட்டான். "இன்னைக்கு வேணாங்க. நாளைக்கு வாங்க." போனை வைத்துவிட்டு, "அக்காவுக்கு இது தெரிஞ்சா உங்களுக்கு ரெண்டாவது கையெழுத்து மாமா" என்றான்.

வெடித்த துண்டை அறுத்தெடுத்துப் புதியது ஒட்டினார். அடியில் மணலைக் கைவிரலால் திணித்தார். மாலையில் மறுபடியும் வாய்வரை தண்ணீர்.

மறுநாள் காலை அவர் வந்தபோது, கொத்தனார் ஏற்கெனவே குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, பொண்ணு பிடிச்சிருக்கா?"

"நேத்து உக்காந்த இடத்தை விட்டு அசையல மாமா."

இருந்தாலும் அவர் தானே ஒருமுறை எட்டிப் பார்த்தார். வாளியையும் பார்த்தார். இரண்டிலும் அதே நூலளவுதான். தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.