இரக்கத்துக்குப் பத்து மதிப்பெண்

மலாயாவில் ஆங்கிலேயர் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில் நான் சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் எங்கள் விரிவுரையாளர், ஓர் ஆங்கிலேயர், நான்கு மாணவர்களை மலாயாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். ஒரு சீனன், ஒரு மலாய்க்காரன், ஒரு வெள்ளைக்காரன், தமிழச்சி நான். எந்த இனத்துப் பிள்ளைக்கு நோயாளியிடம் இரக்கம் அதிகம் என்று அளந்து பார்க்க அவருக்கு ஆசை. காய்ச்சலை அளப்பதுபோல் இதையும் அளந்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன். முதலாவதாக வரவேண்டும் என்றும் நினைத்தேன்.

அவர் கையில் ஒரு தாள், அதில் பத்துக் கேள்விகள். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினாயா? குறுக்கே பேசாமல் கேட்டாயா? நோயைத் தவிர வேறெதையாவது விசாரித்தாயா? அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினாயா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் துப்பாக்கியோடு காவலர்கள். காட்டில் ஒளிந்திருந்த போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஒரு பிடி அரிசிகூட வைக்க விடவில்லை. பொதுவில் சமைத்து, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைக் கவிழ்த்துச் சோதித்தார்கள். காட்டுக்குச் சோறு கொடுத்துப் பிடிபட்டால் சிறை; தூக்குகூட உண்டு என்று பேச்சு. நான் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகள். பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் லயமே அதிரும் என்று எனக்குத் தெரியும். இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்திருந்தும் இருமல் சத்தம்தான் கேட்டது. அதைக் கேட்டாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தலைசுற்றல் என்று ஒருத்தி வந்தாள். பால் வெட்டுகிறவள், முப்பது வயதிருக்கும். முதலில் சீன நண்பன் பார்த்தான். கண் இமையை விலக்கினான், நகங்களைப் பார்த்தான், சத்து மாத்திரை எழுதினான். மொழிபெயர்க்க ஆள் இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கு மூன்று மதிப்பெண்.

நான் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். "சாப்பிட்டீங்களாக்கா?" என்றேன்.

நம்மவர்களுக்கு அது வணக்கம் மாதிரி. யாரும் யோசித்துக் கேட்பதில்லை. சோற்றுக்குக் காவல் போட்ட இடத்தில் அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்கு உறைக்கவில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பாதிதான் தாயி திங்கிறேன். மீதியப் பொட்டலமாக் கட்டி கம்பிக்கு அந்தாண்ட தள்ளிடுவேன். தம்பி காட்டுக்குள்ள இருக்கான். சின்னதுலேருந்தே அவனுக்குப் பசி தாங்காது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, அவள் சொன்னதை வரி பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். பத்துக்குப் பத்து.

சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது சீன நண்பன் தாழ்ந்த குரலில் சொன்னான். "கொடுக்கிற சோறு அவள் வயிற்றுக்குப் போகவில்லை என்று நகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அதனால்தான் கேட்கவில்லை. நீ கேட்டாய், சரி. எழுதியுமா வைத்தாய்?"

தாளைத் திரும்ப வாங்க ஓடினேன். எல்லாத் தாள்களையும் டைப் அடிக்கத் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டதாக விரிவுரையாளர் சொன்னார். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அதற்குள் டைப் அடித்த கிராணி அதைப் படித்திருக்கிறார், பயந்து போலீசுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் இடத்தில் என் அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் போலீஸ் லோரி நின்றது. ஆபீசுக்குள்ளே அவள், பக்கத்தில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த தோட்டத்து மேனேஜர் அன்று இல்லாததால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் தாள் மேசைமேல் இருந்தது.

அவள் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "தாயி, தலை சுத்துதுன்னு மட்டுந்தானே நான் ஒங்ககிட்ட சொன்னேன்? தொரைக்கு எடுத்துச் சொல்லுங்க."

நான் சொல்லவேண்டிய பொய்யை அவளே என் கையில் கொடுத்துவிட்டாள். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று ஒரு வாக்கியம் போதும். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பொய் என்று தெரிந்தால் என் படிப்பு போய்விடும், அப்பாவின் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"எழுதியிருப்பது சரிதான்," என்றேன் ஆங்கிலத்தில்.

ஆங்கிலம் அறியாத அவள், தனக்காகப் பேசிவிட்டேன் என்று நினைத்துக் கும்பிட்டாள். லோரியில் ஏறச் சொன்னபோதுகூடப் பதறவில்லை.

"டேசன்ல கைநாட்டு வாங்கிட்டு விட்ருவாங்கபோல," என்றாள். "எம்பொண்ணு லயத்துல தேடும். மத்தியானம் அம்மா வந்துரும்னு சொல்லிடுங்க தாயி."

லோரி போனதும் லயத்துக்கு நடந்தேன். ஏழு வயதிருக்கும் அந்தப் பிள்ளைக்கு. மத்தியானம் அம்மா வந்துவிடும் என்று சொன்னேன்.